புதுக் குழியில் விழுந்த மணி
நாய் வளர்க்கும் உழவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பரம்பரைக் கண்நோய்

மண்புழு உரத்துக்குப் புதுசா ஒரு குழி வெட்டினோம். நாலடி அகலம், மூணடி ஆழம். அன்னைக்குப் பொழுது சாய்ந்ததும் எங்க மணி அதுக்குள்ள விழுந்துட்டா. கால் லேசா சுளுக்கியதோட போச்சு. தூக்கி வெளியே விட்டேன். அடுத்த நாள் அதே நேரத்துக்கு, அதே குழியில மறுபடியும் விழுந்தா.

"ஏங்க, இதுக்குக் கண்ணு தெரியலையோ?" என்று வீட்டில் கேட்டார்கள். நான் சிரித்தேன். பகல் பூரா தோட்டத்தைச் சுற்றி வருகிறாள். மயில் இறங்கினால் விரட்டுகிறாள். வரப்பில் ஒரு கால் பிசகாமல் ஓடுகிறாள். கண் தெரியாத நாய் இதெல்லாம் செய்யுமா?

செய்யும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் நிலம் நாவலூருக்கு மேற்கே, தாழம்பூர் போகிற பக்கம். ஒண்ணே முக்கால் ஏக்கர். கீரை, கத்தரி, வெண்டை, ஒரு துண்டில் கிச்சிலிச் சம்பா. சுற்றி இருந்த வயல்கள் எல்லாம் மனையாகி, மனை எல்லாம் பதினைந்து மாடி ஆகிவிட்டன. கிழக்கே திரும்பினால் ராஜீவ் காந்தி சாலை, தெற்கே சிறுசேரி சிப்காட். அந்த மாடி வீட்டுக்காரர்கள்தான் எங்கள் கீரைக்கு வாடிக்கை. அவர்களில் ஒரு குடும்பம் வேலை மாறி பெங்களூரு போகும்போது, "அங்கே நாய் வைத்துக்கொள்ள விடமாட்டேங்கிறாங்க அண்ணா, நீங்க வச்சுக்கிறீங்களா?" என்று கொடுத்துவிட்டுப் போனதுதான் மணி. லேப்ரடார் இனம், பெட்டை. வரும்போது இரண்டு வயது.

நாலு வயதில் அவளைச் சேர்க்கைக்கு விட்டோம். பக்கத்து அடுக்ககத்தில் ஒரு கடுவன் இருந்தது. நல்ல உடம்பு, நல்ல குணம். ஆறு குட்டி. ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டு, ஐந்தைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தோம். தாழம்பூரில் இரண்டு, படூரில் ஒன்று, கேளம்பாக்கத்தில் ஒன்று, மேடவாக்கத்தில் ஒன்று. காசு வாங்கவில்லை. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன். குழியில் விழுந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து.

வேப்பேரியில் தெரிந்தது

உள்ளூர் கால்நடை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்மணி ரெண்டும் ரொம்ப விரிஞ்சிருக்கு. வெளிச்சம் பட்டாலும் சுருங்க நேரமாகுது. நீங்க வேப்பேரிக்குக் கொண்டுபோங்க" என்றார்.

வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் கீழ் வந்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதை அறிந்த நம் உழவர்கள் பலருக்கு, அங்கே நாய்க்கும் பூனைக்கும் கண் பார்க்கிற தனிப் பிரிவு இருப்பது தெரியாது. எனக்கும் தெரியாது. காய்கறி ஏற்றுகிற வண்டியிலேயே மணியை ஏற்றிக்கொண்டு போனேன்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரியும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு இருட்டறையில் ஒரு கருவியை வைத்துக் கண்ணின் அடிப்பாகத்தைப் பார்த்தார் மருத்துவர். பார்த்து முடித்து அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"ஐயா, இது குட்டி போட்டிருக்கா?"

"ஆறு போட்டிருக்கு டாக்டரம்மா."

கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. அப்புறம் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

நோயின் பெயர் 'படிப்படியான விழித்திரைச் சிதைவு'. சுருக்கமாக பி.ஆர்.ஏ. என்கிறார்கள். கண்ணின் உட்சுவரில் இருக்கிற விழித்திரைதான் வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்புகிறது. அதில் இரண்டு வகைச் செல்கள். கோல் செல்கள் மங்கலான வெளிச்சத்துக்கு. கூம்புச் செல்கள் பகல் வெளிச்சத்துக்கு. இந்த நோயில் பெரும்பாலும் கோல் செல்கள்தான் முதலில் அழிகின்றன. அதனால் முதலில் மாலைக்கண். பகலில் எல்லாம் சரியாகத் தெரியும். மாதங்கள், ஆண்டுகள் போகப் போகக் கூம்புச் செல்களும் அழிந்து, பகல் பார்வையும் போய்விடும். வலி இல்லை. கண் சிவக்காது, நீர் வடியாது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

"அப்போ வரப்பில் எப்படி ஓடுது?" என்று கேட்டேன்.

"மனப்பாடம் ஐயா. மூக்கு இருக்கு, காது இருக்கு, கால் பழக்கம் இருக்கு. உங்க தோட்டத்தை அது மனசுல வரைஞ்சு வச்சிருக்கு. நீங்க புதுசா வெட்டின குழி அந்தப் படத்துல இல்ல."

மருந்து உண்டா என்றேன். இந்த நோயை நிறுத்தவோ திருப்பவோ இன்றைக்கு மருந்து இல்லை என்று நேராகச் சொன்னார். "இதுக்கு நாம செய்யக்கூடியது ரெண்டு. இது பத்திரமா வாழ வழி பண்றது ஒண்ணு. அடுத்த தலைமுறைக்குப் போகாம பார்த்துக்கிறது இன்னொண்ணு. அந்த ரெண்டாவது, குட்டி போடறதுக்கு முன்னாடியே பார்த்திருந்தா சுலபம்."

கண்ணுக்குத் தெரியாத கலவன்

விதைநெல் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. வயலில் உயரமாக, வேறு நிறமாக நிற்கிற கலவனைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கிவிடுகிறோம். இது கண்ணுக்குத் தெரியாத கலவன்.

ஒவ்வொரு குணத்துக்கும் நாய்க்குத் தாயிடமிருந்து ஒரு மரபணு, தகப்பனிடமிருந்து ஒன்று. பி.ஆர்.ஏ. பெரும்பாலான இனங்களில் ஒடுங்கு குணமாக வருகிறது. அதாவது இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய். ஒன்று பழுது, ஒன்று நல்லது என்றால் அந்த நாய் சாகும்வரை நன்றாகப் பார்க்கும். ஆனால் பழுதைச் சுமந்துகொண்டிருக்கும். இதைச் 'சுமப்பி' என்று வைத்துக்கொள்வோம்.

சுமப்பியும் சுமப்பியும் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு; நாலில் இரண்டு பங்கு சுமப்பியாக இருக்க வாய்ப்பு; ஒரு பங்குதான் முழுக்கச் சுத்தம்.

சுமப்பியும் சுத்தமான நாயும் சேர்ந்தால், ஒரு குட்டிக்கும் நோய் வராது. பாதி அளவு சுமப்பியாக இருக்கும்.

நோயுள்ள நாயும் சுத்தமான நாயும் சேர்ந்தால், எல்லாக் குட்டியும் சுமப்பி. எதற்கும் நோய் வராது.

நோயுள்ள நாயும் சுமப்பியும் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி நோய் வாய்ப்பு. மிச்சம் எல்லாம் சுமப்பி. சுத்தமான குட்டி ஒன்றுகூட இருக்காது.

எங்கள் வீட்டுக் கதை இந்தக் கடைசிக் கணக்குதான். லேப்ரடார், பூடில், காக்கர் ஸ்பேனியல் உள்ளிட்ட பல இனங்களில் வருகிற ஒரு வகை பி.ஆர்.ஏ.வுக்குக் காரணமான மரபணுப் பிழையை 2006-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் ரத்தமோ, கன்னத்தின் உட்பக்கத்தைத் துடைத்தெடுத்த பஞ்சோ அனுப்பினால் சொல்லிவிடுவார்கள். மணிக்கு அனுப்பினோம், இரண்டும் பழுது. அடுக்ககத்துக் கடுவனின் சொந்தக்காரரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், உடனே சம்மதித்தார். அது சுமப்பி. பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரிந்தது. அதுவும் மணியும் ஒரே இடத்தில் வாங்கியவை. தகப்பன் ஒன்றாகவே இருந்திருக்கலாம். நான் சேர்க்கைக்கு விடுமுன் அதைக்கூடக் கேட்கவில்லை.

ஆட்டுக் கிடாவை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தன் மகளையே சேர்ந்து குட்டி நோஞ்சானாகும் என்று நமக்குத் தெரியும். நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நாய் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போச்சு?

ஐந்து வீட்டுப் படி

குட்டி வாங்கிப்போன ஐந்து வீட்டுக்கும் போனேன். போனில் சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை.

படூரில் இருப்பவர் கோபப்பட்டார். "இதை முதல்லயே பார்க்க மாட்டியாப்பா?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கேளம்பாக்கத்தில், அந்தக் குட்டி பெரிசானதும் அதன் குட்டி ஒன்றைத் தங்கைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கை நிறுத்தச் சொல்லத்தான் நான் போயிருந்தேன். மேடவாக்கத்து அம்மா, "கண்ணு போனா என்னப்பா, குரலு கேட்டா வரும்" என்று சொல்லிக் காபி கொடுத்தார். தாழம்பூரில் இரண்டு பேரும் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒன்று சுமப்பி என்று வந்தது. இன்னொன்றுக்கு இரண்டும் பழுது. அது இப்போது ஓடியாடி விளையாடுகிறது. இருட்டில் பந்தைத் தேடி எடுக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் வீட்டுக் குட்டி சுமப்பி. கருத்தடை செய்துவிட்டோம். மணிக்கும் செய்தாயிற்று.

நாட்டு நாய்க்கு இதெல்லாம் வராதா?

இதைச் சொன்னால் நம் தோழர்கள் உடனே சொல்வது: "அதுக்குத்தான் சீமை நாய் வேண்டாங்கிறது. நாட்டு நாய்க்கு ஒண்ணும் வராது."

நானும் நாட்டு இனத்தின் பக்கம்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம்மிடம் இருக்கிற இனங்கள் நம் வெயிலுக்கும் நம் வேலைக்கும் உருவானவை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனத் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்நாலில் உள்ள தேசியக் கால்நடை மரபுவள நிறுவனத்தின் பதிவு பெற்ற இனங்கள். பெருமைதான். ஆனால் பெருமை வேறு, பரிசோதனை வேறு.

தெருவில் தன்னிச்சையாகக் கலந்து பெருகும் நாய்க்கு ஒரு நன்மை உண்டு. பல வழி ரத்தம் கலப்பதால், ஒரே பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது குறைவு. ஆனால் நாட்டு இனத்தையும் 'சுத்தம்' பார்த்து, சில குடும்பத்து நாய்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால், அந்த நன்மை போய்விடும். சீமை இனங்களுக்கு நேர்ந்தது இதுதான். இனத்தின் பெயரில் என்ன இருக்கிறது? சேர்க்கும் முறையில்தான் இருக்கிறது சூட்சுமம்.

ராஜபாளையத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பால் வெள்ளை நிறம்தான் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். வெள்ளைக்காகவே சேர்த்தார்கள். உள்காதில் நிறச் செல்கள் இல்லாமல் போனால் காது கேட்காது. வெள்ளைக் குட்டிகளில் செவிட்டுக் குட்டிகளும் பிறந்தன. பூனைக்கண் என்று நாம் சொல்லும் வெளிர்நீலக் கண்ணுள்ள குட்டிகளில் இந்தச் சந்தேகம் இன்னும் அதிகம். வெள்ளை நாய் எல்லாம் செவிடு என்று சொல்லவில்லை. ஒரு குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேர்வு செய்தால், கூடவே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும் என்கிறேன். விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்த நெல் ரகங்களில் நமக்கு நேர்ந்ததும் இதுதானே?

மேய்ப்பர்கள் செய்த வேலை

இதைக் கட்டுப்படுத்த முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் ஆடு மேய்ப்பவர்களும் உண்டு.

பிரிட்டனில் ஆட்டு மந்தையை ஓட்டுகிற பார்டர் கோலி நாய்களிடம், 1960-களில் பார்வைக் கோளாறு அதிகமாக இருப்பது தெரிந்தது. மந்தையை மலைச்சரிவில் திருப்புகிற நாய்க்குக் கண் இல்லை என்றால் மேய்ப்பனுக்குப் பிழைப்பே போச்சு. அங்குள்ள மேய்ப்பு நாய்ச் சங்கம், நாய்ப் போட்டி நடக்கிற திடலிலேயே கண் மருத்துவர்களை வைத்து நாய்களைச் சோதித்தது. நோயுள்ள நாயின் வாரிசைப் பதிவேட்டில் கட்டுப்படுத்தியது. அடுத்த இருபது முப்பது ஆண்டில் நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. மரபணுச் சோதனை எதுவும் இல்லாத காலம் அது. கருவியும் கண்ணும் நோட்டுப் புத்தகமும் மட்டும்தான். பின்னாளில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த நாய்களுக்கு வந்த ஒருவகை விழித்திரைக் கோளாறில் வைட்டமின் ஈ குறைந்த தீனிக்கும் பங்கு இருந்தது. எல்லாமே பரம்பரை இல்லை. வெறும் சோறு, மோர் என்று போடுகிற நாமும் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஐரிஷ் செட்டர் என்ற இனத்தில் 1940-களில் அங்கே வேறு வழி செய்தார்கள். சந்தேகமான நாயைக் குருட்டு நாயோடு சேர்த்துக் குட்டிகளுக்குப் பார்வை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு குட்டிக்குப் பார்வை போனாலும் அந்த நாய் சுமப்பி. கொடுமையான, காலம் பிடிக்கிற முறை. ஆனாலும் அந்த இனத்தில் நோயை ஏறத்தாழ ஒழித்தார்கள். 1993-இல் அதற்கான மரபணுப் பிழையைக் கண்டுபிடித்ததும், அத்தனை குட்டிகளின் கண்ணைப் பணயம் வைக்கத் தேவையில்லாமல் போச்சு. கொஞ்சம் ரத்தம் போதும்.

நாய்க் கண்ணின் கதை மனிதனுக்கும் உதவியிருக்கிறது. பிரியார்ட் என்ற பிரெஞ்சு மேய்ப்பு நாய் இனத்தில், பிறவியிலேயே மாலைக்கண் வருகிற ஒரு மரபணுப் பிழை உண்டு. அந்தப் பிழையால் குருடான நாய்களின் கண்ணுக்குள் சரியான மரபணுவைச் செலுத்தி, பார்வை திரும்பியதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்டார்கள். அதில் லான்சலாட் என்ற நாய் பேர்பெற்றது. அதே மரபணுப் பழுதால் பார்வை இழக்கும் மனிதர்களுக்கான சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அறிமுகமானபோது அதன் விலை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர். அது ஒரே ஒரு மரபணுவின் பழுதுக்கு மட்டும். நம் தோட்டத்து நாய்க்கு அது வரப்போவதில்லை. நமக்கு இருக்கிற ஒரே வழி, முன்கூட்டிப் பார்ப்பது.

வீட்டிலேயே பார்க்கலாம்

மருத்துவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். மாதம் ஒருமுறை கால் மணி நேரம் போதும்.

1. இருட்டில் டார்ச் அடியுங்கள். எல்லா நாய்க்கும் கண் மின்னும். முன்பைவிட அதிகமாக மின்னுகிறதா, கண்மணி விரிந்தே இருக்கிறதா, சுருங்க நேரமாகிறதா என்று பாருங்கள்.

2. அந்தி நேரத்தில், பழகிய பாதையில் ஒரு கூடையையோ காலி வாளியையோ வைத்து நாயைக் கூப்பிடுங்கள். இடித்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் பகலில் வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். பகலில் விலகி, அந்தியில் இடித்தால் மாலைக்கண் சந்தேகம்.

3. ஒரு பஞ்சு உருண்டையைக் கண் முன்னால் மேலிருந்து கீழே போடுங்கள். பஞ்சுக்குச் சத்தமில்லை, மணமும் அதிகமில்லை. பார்வை தொடர்கிறதா? ஒவ்வொரு கண்ணையும் உள்ளங்கையால் மூடித் தனித்தனியாகப் பாருங்கள்.

4. இருட்டில் படி இறங்கத் தயங்குவது, ராத்திரி வெளியே போக மறுப்பது, காலோடு காலாக ஒட்டிக்கொண்டே வருவது, புது இடத்தில் மட்டும் தடுமாறுவது — இதையெல்லாம் 'வயசாயிடுச்சு' என்று தள்ளாதீர்கள்.

5. கண்ணுக்குள் பால்போல வெள்ளை தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். அதுவும் சில இனங்களில் பரம்பரையாக வரும், சர்க்கரை நோயாலும் வரும், பி.ஆர்.ஏ. முற்றிய கண்ணிலும் வரும். புரையை அறுவை செய்யலாம். ஆனால் பின்னால் விழித்திரை உயிரோடு இருந்தால்தான் பயன். அதனால் விழித்திரையைச் சோதிக்காமல் அறுவைக்குப் போகக் கூடாது.

கண் திடீரென்று சிவந்து, கலங்கி, பெரிதாகி, நாய் தலையைத் தொடவிடாமல் இருந்தால் அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும். மறுநாள் என்று வைத்தால் பார்வை போய்விடும்.

எல்லாக் கண் கோளாறும் பரம்பரை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். அது கண்ணுக்குள் அழற்சியையும் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். நேரத்தில் பார்த்தால் குணமாக்கலாம். புல்லின் சுனை குத்தினால் கருவிழியில் புண் வரும். இமை உட்பக்கம் மடிந்து முடி உரசுவதும் உண்டு. அது சிறு அறுவையில் சரியாகும், ஆனால் இமை மடிவது வாரிசுக்கும் போகக்கூடிய குணம்.

நம் இயக்கத்து ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணில் எந்தச் சாற்றையும் பிழியாதீர்கள். இலைச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன் என்று எதுவானாலும் புண்ணுள்ள கருவிழியில் போட்டால் கிருமி சேரும். அதேபோல, மருந்துக்கடையில் மிச்சமிருக்கிற சொட்டு மருந்தையும் நாமாக விடக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு, புண்ணுள்ள கண்ணைத் துளைத்தே விடும். பயிருக்குப் பஞ்சகவ்யா நமக்குத் தெரியும். கண்ணுக்கு என்ன வேண்டும் என்பது மருத்துவருக்குத்தான் தெரியும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

குட்டியாக இருக்கும்போது, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஒருமுறை. பிறவிக் கோளாறுகள் சில அப்போதுதான் தெளிவாகத் தெரியும். கோலி வகை நாய்களில் வருகிற ஒரு கோளாறு, குட்டி வளர வளர நிறம் படிந்து மறைந்துவிடும். பிறகு பார்த்தால் பிடிபடாது.

சேர்க்கைக்கு விடும் நாய் என்றால், ஆணோ பெண்ணோ, விடுவதற்கு முன் கட்டாயம். பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை. "போன வருஷம் பார்த்தோம், சுத்தம்னு சொன்னாங்க" என்பது இந்த வருஷத்துக்குச் செல்லாது. பி.ஆர்.ஏ. மூன்று, நாலு, ஐந்து வயதில்கூடத் தலைகாட்டும். அதற்குள் இரண்டு ஈற்று முடிந்திருக்கும். மேலை நாடுகளிலும் கண் சான்றிதழுக்கு ஓராண்டுதான் ஆயுள்.

கண்ணால் பார்ப்பது நோய் வந்ததைக் காட்டும். மரபணுச் சோதனை வரப்போவதையும் சுமப்பியையும் காட்டும். ஆனால் அந்தச் சோதனை, கண்டுபிடித்த பிழையை மட்டும்தான் தேடும். நம் நாட்டு இனத்துக்கு அதன் மூலம் எல்லாம் தெரிந்துவிடாது. ஆகவே ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் நாயின் இனத்துக்கு எந்தச் சோதனை பொருந்தும், எங்கே அனுப்புவது என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

சுமப்பி என்று தெரிந்தால் உடனே ஒதுக்க வேண்டும் என்பதும் இல்லை. நல்ல குணமும் நல்ல உடம்பும் உள்ள சுமப்பியைச் சுத்தமான நாயோடு மட்டும் சேர்க்கலாம். குட்டிகளைச் சோதித்துச் சுத்தமானதை அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை குறைந்த நாட்டு இனத்தில் எல்லாச் சுமப்பியையும் ஒரேயடியாகக் கழித்தால், இனமே சுருங்கி வேறொரு பழுது மேலே வரும். விதை காப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குட்டி வாங்குகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள். தாய் எது, தகப்பன் எது? இரண்டுக்கும் கண் பார்த்த தாள் இருக்கிறதா? இதற்கு முன் ஈன்ற குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் வாங்காதீர்கள். கொடுக்கிறவர்கள் ஒரு நோட்டு வையுங்கள். எந்த வீட்டுக்கு எந்தக் குட்டி என்று எழுதுங்கள். நான் எழுதி வைக்கவில்லை. ஐந்து வீடுதான், நினைவில் இருந்தது. ஐம்பது வீடாக இருந்திருந்தால்?

மணி இப்போது

உரக்குழியைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டிவிட்டோம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருந்தது. இன்னும் ஒரு அடி உயர்த்தினோம். மோட்டார் கொட்டகை வாசலில் சாக்கு விரித்திருக்கிறோம். கால் பட்டால் இடம் தெரிந்துகொள்கிறாள். சோற்றுத் தட்டும் தண்ணீர்த் தொட்டியும் இடம் மாறுவதில்லை. மண்வெட்டி, கூடை எதையும் பாதையில் போடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். தொடுவதற்கு முன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம். குட்டியின் கழுத்தில் ஒரு சலங்கை. அது போகிற பக்கம் இவள் போகிறாள்.

பகல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார் மருத்துவர். எத்தனை மாதம் என்று சொல்லவில்லை. மயிலை இப்போது சத்தம் கேட்டுத்தான் விரட்டுகிறாள். பாதித் தூரம் ஓடி நின்றுவிடுகிறாள். அதுவே போதும், மயில் பறந்துவிடுகிறது.

உங்கள் வீட்டில் சேர்க்கைக்கு நிற்கிற நாய் இருந்தால், இந்த இதழை மூடி வைத்துவிட்டு இன்றைக்கு அந்தியில் ஒரு வாளியை வாசலில் வைத்துப் பாருங்கள். நான் அந்த வாளியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்திருக்க வேண்டும்.